கப்புக்கு ஒரு கட்டில்

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, காலை ஏழு மணி. எங்கள் பில்டிங்கின் மூன்றாவது மாடியிலிருந்து ஓர் அலறல்.

நாங்கள் குடியிருக்கும் ஷார்ஜா முவைலாவில் அலறல் கேட்டால் இரண்டே காரணம்தான். லிஃப்ட் நடுவில் நின்றிருக்கும். இல்லையென்றால் கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்திருக்கும். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு கிரிக்கெட்டும் இல்லை. பின்னே?

டேரல்தான்!

எங்கள் கம்பெனியின் சேஃப்டி டிரெய்னர். அறுபதைத் தாண்டிய கறுப்பின அமெரிக்கர். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஹெல்மெட் போடாமல் ஒருத்தன் நடந்தால், கேட்டிலிருந்தே அதட்டுகிற குரல் அவருடையது. வீட்டிலும் அதே குரல்தான்.

"ஆள் உயிரோடு இருந்தா குடுத்துட்டு வாங்க" என்று மனைவி இட்லி டப்பாவைக் கையில் திணித்தாள். ஓடினேன். மனிதர் சிவப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு சோபா மேல் நின்றுகொண்டிருந்தார். டி.வி.யில் அவர் ஊர் யூனிவர்சிட்டி டீமின் ஃபுட்பால் மேட்ச். அலபாமாவில் சனிக்கிழமை ராத்திரி என்றால் நமக்கு ஞாயிறு இட்லி நேரம்.

நம்ம ஃபுட்பால் இல்லை இது. பந்து வாழைப்பூ ஷேப்பில் இருக்கிறது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஓடுகிறவனை நாலு பேர் விழுந்து அமுக்குகிறார்கள். எழுந்ததும் மறுபடி ஓடுகிறார்கள். இதற்கு ஏன் ஃபுட்பால் என்று பெயர் வைத்தார்கள்? கேட்டால் டேரலுக்குக் கோபம் வரும். கேட்கவில்லை.

ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. ஓடுகிற பையன்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள். கேலரியில் முகத்தில் சிவப்பு பெயின்ட் அடித்துக்கொண்டு கத்துகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வெள்ளையர்கள்.

"பரவாயில்லையே... உங்க ஊர்ல இவ்வளவு ஒத்துமையா!" என்றேன், அப்பாவியாக.

டேரல் டி.வி.யை மியூட் செய்தார். போச்சுடா, பெரிய விஷயத்தில் வாயை விட்டுவிட்டோம் என்று புரிந்தது. அவர் இங்கிலீஷில் சொன்னதை நம்ம தமிழில் சொல்கிறேன்.

"நான் சின்னப் பையனா இருந்தப்போ இந்த டீம்ல ஒரு கறுப்பன் கிடையாது. கோர்ட், ஊர்வலம், அடி, உதை, ஜெயில்... இத்தனைக்கும் அப்புறம்தான் காலேஜ் கதவு திறந்தது. டீம் கதவு அதுக்கும் அப்புறம். அப்படி உள்ளே போன முதல் ரெண்டு மூணு பேர்ல எங்க அண்ணன் ஒருத்தன்."

"அப்ப மனசு மாறிட்டாங்கன்னு சொல்லுங்க."

"மனசா? தோத்துத் தோத்து அலுத்துப் போச்சு அவங்களுக்கு. எதிர் டீம்ல கறுப்புப் பசங்க ஓடற வேகத்தைப் பார்த்தாங்க. பாதிரியார் சொல்லிக் கேக்காதவங்கல்லாம் ஸ்கோர்போர்டு சொன்னதும் கேட்டாங்க!"

சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்துச் சொன்னதற்கு நான் சிரிக்கவில்லை.

அண்ணனுக்கு ஹாஸ்டலில் ரூம் கொடுத்தார்கள். இரண்டு கட்டில் போட்ட ரூம். ஒரு வருஷம் முழுக்க இன்னொரு கட்டில் காலி. யாரும் வரவில்லை. சனிக்கிழமை ஸ்டேடியமே அவர் பெயரைச் சொல்லிக் கூவும். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வாய் திறந்து குட் மார்னிங் சொல்ல மாட்டார்கள். ஊரிலிருந்து அம்மா போனில் கேட்பாராம் — எப்படிடா இருக்கே?

"ரூம் பெருசும்மா. நல்ல காத்தோட்டம்."

பெற்றவள் அதை நம்பி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள், பாவம்.

இரண்டாவது வருஷம் ஒரு நாள், டீமிலேயே அண்ணனுக்காக முன்னால் முட்டி மோதி வழி ஏற்படுத்துகிற வெள்ளைக்காரப் பையன் — விவசாயி மகன் — தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து அந்தக் கட்டிலில் படுத்தானாம்.

"ஆஹா! திருந்திட்டானா?"

"அதெல்லாம் இல்லை. அவன் ரூம்மேட் டிரம்பெட் வாசிக்கிறவன். காது வலி தாங்காம ஓடி வந்துட்டான்!" டேரல் தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்புறம் எங்க அண்ணன் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனே அவன்தான்."

டி.வி.யில் கோச்சைக் காட்டினார்கள். வெள்ளைக்காரர். டேரல் விரலை நீட்டினார். "ஓடறது நாங்க. ஓடச் சொல்ற நாற்காலி இன்னும் பெரும்பாலும் அவங்ககிட்டதான் இருக்கு. அண்ணன் பேரன் கோச்சிங் படிக்கிறான். பார்ப்போம்."

சும்மா இருந்திருக்கலாம் இல்லையா நான்? நமக்கு ஏது அந்தப் பழக்கம்! உடனே பெருமை பீற்றினேன். எங்கள் கம்பெனி வாலிபால் டீமுக்கு நான்தான் மேனேஜர் — அதாவது விசிலும் தண்ணி கேனும் என் பொறுப்பு. கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன்களும் சிவகங்கைப் பக்கத்துப் பையன்களும் சேர்ந்த டீம். மூன்று வருஷத்துக்கு முன் வரிசையாக உதை வாங்கியதும், கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கும் உகாண்டாக்காரர் சாமுவேலைச் சேர்த்தோம். ஆறரை அடி. அவர் ஸ்மாஷ் அடித்தால் எதிர் டீம் பந்தைத் தேடும். போன வருஷம் கப்பே எங்களுக்குத்தான்.

"எங்க டீம்ல எல்லாரும் ஒண்ணு!" என்று முடித்தேன்.

டேரல் இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சாமுவேல் எந்த ரூம்ல இருக்கார்?"

வாசகர்களே, உங்களிடம் மறைப்பானேன்? எனக்குப் பதில் தெரியும். தெரிந்ததுதான் வினை.

தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் யாருக்கு எந்தக் கட்டில் என்று பார்ப்பது ஆபீசில் என் வேலை. சாமுவேலும் இன்னும் பலரும் தங்கியிருந்த வாடகை பில்டிங்கை இந்த மாதம் காலி செய்ய வேண்டி வந்தது. "எந்த ரூம்ல பெட் இருக்கு?" என்று கேம்ப் முழுக்க மெசேஜ் போட்டேன். மலையாளி ரூம் மலையாளிகளை எடுத்துக்கொண்டது. பெங்காலி ரூம் பெங்காலிகளை. பட்டான் ரூம் பட்டான்களை. தமிழ் டீம் இருக்கும் பதினாலாம் நம்பர் ரூமிலிருந்து "ஃபுல் சார்" என்று பதில். மிச்சம் நின்றது சாமுவேல் மட்டும். நானும் எழுந்து போய்ப் பார்க்காமல் ஆபீஸ் மேனேஜருக்கு இரண்டே வார்த்தையில் அனுப்பிவிட்டேன் — பெட் மாஃபி. கட்டில் கிடையாது, கல்லாஸ், கதை முடிந்தது. அவரை அல் ஐன் பிராஞ்சுக்கு மாற்ற உத்தரவு தயார். செவ்வாய்க்கிழமை கையெழுத்து. வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஃபைனல்.

அன்று சாயங்காலமே பதினாலாம் நம்பர் ரூமுக்குப் போனேன்.

ஆறு கட்டில். ஐந்தில் ஆட்கள். ஆறாவதில் நாலு சூட்கேஸ், ஒரு அரிசி மூட்டை... அதற்கு மேலே, தலையணை வைத்து, அதன்மேல் போன வருஷக் கப்! சாமுவேல் அடித்து வாங்கிக் கொடுத்த கப்புக்குக் கட்டில் இருக்கிறது. சாமுவேலுக்கு இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்கள்மேல் கோபப்படலாம் என்றால், 'மாஃபி' போட்ட கை என்னுடையது.

"இது என்ன ஆன்றனி?" என்றேன். ஆன்றனி வெல்டர், டீம் கேப்டன், கன்னியாகுமரிக்காரர்.

"சாமான் வைக்க எடம் இல்ல சார், கேட்டியளா..." என்று தலையைச் சொறிந்தார். "சாமு நல்ல பயதான். ஆனா நம்ம சாப்பாடு அவனுக்கு ஒத்துக்காது பாத்துக்கிடுங்க."

"கேட்டீங்களா அவர்கிட்ட?"

ரூமில் பெரும்பாலும் சமைக்கிற மாரிமுத்து, சிவகங்கைக்காரர், குறுக்கே வந்தார். "அவருக்கே தனியா இருந்தாத்தேன் பிடிக்கும்னு நாங்களா நெனச்சுக்கிட்டோம் சார்."

"அல் ஐனுக்கு மாத்தறாங்க அவரை. செவ்வாய்க்கிழமை."

"அய்யய்யோ! அப்ப வெள்ளிக்கெழம ஸ்மாஷ் யாரு அடிக்கிறது?" என்று பதறினார் ஆன்றனி.

மளமளவென்று சூட்கேஸ்கள் கீழே இறங்கின. அரிசி மூட்டை மூலைக்குப் போனது. டேரல் சொன்ன ஸ்கோர்போர்டு இதுதான் போல. காரணம் அற்பமாகவே இருக்கட்டுமே... முதலில் கட்டில் காலியாகட்டும் என்று நானும் ஒரு சூட்கேஸைப் பிடித்தேன்.

கதை முடிந்தது என்று நினைத்தேன். சாமுவேல் ஒருவர் பாக்கி இருக்கிறார் என்பதை வழக்கம்போல மறந்துவிட்டோம்!

திங்கட்கிழமை காலை நான், ஆன்றனி, மாரிமுத்து மூன்று பேரும் கேட்டுக்குப் போனோம், இனிப்புச் செய்தி சொல்வது போல முகத்தை வைத்துக்கொண்டு. சாமுவேல் முழுக்கக் கேட்டுக்கொண்டார். நம்ம கேம்ப் இந்தியும் இங்கிலீஷும் கலந்து, நிதானமாகச் சொன்னார்:

"அல் ஐன்ல எங்க ஊர்க்காரங்க ரெண்டு பேர் இருக்காங்க பாய். நான் எதுக்கு இங்க இருக்கணும்? மூணு வருஷம் உங்களோட ஆடினேன். ஜெயிச்சா பிரியாணி. உங்களுக்குத் தட்டு. எனக்குப் பார்சல்."

அவர் டியூட்டிக்கு லேட்டாகக் கூடாதே என்று நல்லெண்ணத்தில் கட்டிக் கொடுத்த பார்சல்தான் அது. சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்கு அன்றெல்லாம் டியூட்டி இருந்ததா என்று ஒருத்தராவது கேட்டோமா?

ஆன்றனிதான் முதலில் பேசினார். "தப்பு எங்க மேலதான் சாமு. மேட்ச்சுக்காகத்தான் கூப்பிட வந்தோம். அது நெசம். இப்ப மேட்ச் போனாலும் போவட்டு. நீ வா."

சாமுவேல் ஒரு லாரியை உள்ளே விட்டார். நம்பர் குறித்தார். கேட்டைச் சாத்தினார்.

"ஒரு கண்டிஷன்" என்றார். "உங்க ஃப்ரிட்ஜ்ல சமையல் முறை லிஸ்ட் ஒட்டியிருக்கு. அதுல என் பேரும் வேணும்."

ரூமுக்குள் வராத மனிதருக்கு ஃப்ரிட்ஜில் ஒட்டியது எப்படித் தெரியும்? வாசலில் நின்று படித்திருக்கிறார்... மூன்று வருஷமாக, பார்சலுக்காகக் காத்திருந்த நேரத்தில்.

மேனேஜருக்குப் போன் போட்டு, "தப்பாச் சொல்லிட்டேன் சார், பெட் இருக்கு" என்றேன். வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. வாங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை சாமுவேல் முறை. வெள்ளையாக மக்காச்சோள மாவுக் களி, வேர்க்கடலைக் குழம்பு. மாரிமுத்து ரிப்போர்ட்: "நம்ம கேப்பக்களிதேன் சார், கலரு மட்டும் மாத்தி! ரெண்டாந்தடவ வாங்கிட்டோம்ல."

வெள்ளிக்கிழமை ஃபைனல். ஜெயித்தோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். தோற்றோம். இரண்டே பாயின்ட்டில்! கடைசிப் பந்தை சாமுவேல் கோட்டுக்கு வெளியே அடித்தார்.

வேனில் ஏறியதும் ஆரம்பித்தார் ஆன்றனி. "லேய் சாமு! பன கணக்கா வளந்திருக்க, கோடு கண்ணுக்குத் தெரியலியா? எதுக்குல வெளிய அடிச்ச?"

"அவரத் திட்டாதீகண்ணே, நீங்க பந்தத் தூக்கிக் குடுத்ததுதேன் சரியில்ல" என்றார் மாரிமுத்து.

"கரெக்ட்! நீ தூக்கு... மாஃபி!" என்று சாமுவேலும் பிடித்துக்கொண்டார். கேம்ப் வரைக்கும் சண்டை. இறங்கி, கை கழுவி, ஆறு தட்டைச் சுற்றி உட்கார்ந்தும் அதே சண்டை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முன்பெல்லாம் தோற்றால் சாமுவேலை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். "இட்ஸ் ஓகே பாய்" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவார்கள். விருந்தாளியை யாராவது திட்டுவார்களா?

நேற்று ஞாயிறு. டேரலிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் டீமும் தோற்றிருந்தது. ஆனாலும் சிரித்தார். "கப் இப்ப எங்கே?"

"அரிசி மூட்டை மேலே."

அந்த நேரம் பார்த்து ஆன்றனியிடமிருந்து மெசேஜ்: 'சார், சாமு கொறட்டையில ரூம் சுவரு ஆடுது. அல் ஐன்ல அந்த பெட் இன்னும் காலியா? எனக்குத்தான்.'

பதில் போட்டுவிட்டேன் — பெட் மாஃபி!