காதர் பாயின் மூன்றாவது ரிஜெக்ட்

எண்பதுகளின் தொடக்கம். துவாக்குடி பக்கம் ஒரு சின்ன ஒர்க்ஷாப்பில், பாய்லர் குழாய்களின் வெல்டிங்கை அல்ட்ராசோனிக் மெஷினில் சோதிப்பது என் வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் எனக்குத் தெரியாத எக்கோ இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்கிற நினைப்பு.

குழாய்மேல் எண்ணெய் தடவி ப்ரோபை வைத்தால், ஒலி துடிப்புத் துடிப்பாக உள்ளே போகும். விரிசல் இருந்தால் மோதி எக்கோவாகத் திரும்பி, ஸ்கிரீனில் முள் மாதிரி நிமிரும். குறித்து வைத்த கோட்டை முள் தாண்டினால் ரிஜெக்ட். சிவப்புப் பெயிண்டால் வட்டம் போட்டுவிடுவேன்.

அன்று காலை காதர் பாயின் ஜாயிண்ட்டில் வட்டம் போட்டேன். பாய் பாலக்கரைக்காரர், ஷாப்பிலேயே மூத்த வெல்டர். அந்த மாதம் அவருக்கு அது மூன்றாவது வட்டம். மூன்றும் நான் போட்டவை. மூன்று ரிஜெக்ட் ஆனால் வெல்டரின் தகுதிக் கார்டைப் பிடுங்கிவிடுவார்கள். அடுத்த வாரம் அவருக்குக் குவைத் வேலைக்கான டிரேட் டெஸ்ட். கார்டு இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள்.

பாய் சண்டை போடவில்லை. ப்ரோபைத் திரும்ப வைத்துக் காட்டச் சொன்னார். "எந்த இடம் தம்பி, இங்கயா?" என்று வெல்டிங் புடைத்திருக்கும் மேட்டில் எண்ணெய் விரலை வைத்து அழுத்தினார். நான் ப்ரோபை அசைக்கவே இல்லை, முள் பாதியாக இறங்கியது.

"விரலை எடுங்க பாய்."

எடுத்தார். நிமிர்ந்தது.

"திரும்ப வைங்க."

பாதியானது. மேலே விரல் வைத்தால் உள்ளே இருக்கிற விரிசல் ஏன் அடங்க வேண்டும்? அது ஒரு எக்கோ இல்லை, இரண்டு. வெல்டிங்கின் அடிவிளிம்பிலிருந்து ஒன்று, மேல் மேட்டிலிருந்து ஒன்று; மேட்டின் எக்கோவைத்தான் விரல் அமுக்கியிருக்கிறது. தனித்தனியே இரண்டும் கோட்டுக்குக் கீழேதான். ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததால் உயரம் கூடி ஒரே முள்ளாகத் தெரிந்திருக்கின்றன.

இன்சார்ஜ் சாம்பசிவம் சாரிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"போட்ட வட்டத்தை அழிச்சா, நாளைக்கு உன் வட்டத்தை எவன்யா மதிப்பான்?"

"தப்பா போட்டுட்டேன் சார். மேட்டை மட்டும் கிரைண்ட் பண்ணிப் பார்த்துருவோம். விரிசலா இருந்தா முள் அப்படியே நிக்கும்."

கிரைண்டிங் கால் மணி நேரம். சாரே ப்ரோபை வாங்கி இரண்டு பக்கமும் நகர்த்திப் பார்த்தார். முள் கோட்டைத் தொடவே இல்லை. "ஓகே போடு," என்றார்.

பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். என்னால்தான் சந்தோஷப்பட முடியவில்லை. முந்தைய இரண்டு ஜாயிண்ட்டுகளையும் வெட்டி எறிந்தாயிற்று. அவற்றை இனி யாரும் சோதிக்க முடியாது.

"சார், முன்னாடி ரெண்டுலயும் நான் விரல் வச்சுப் பார்க்கல. கார்டுலேர்ந்து அந்த ரெண்டு ரிஜெக்டையும் அடிச்சிடுங்க."

சார் என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

குவைத் கிளம்பும் முன் பாய் ஷாப்புக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க என் ஜாயிண்ட்டைப் பார்க்கறவனும் தன் தப்பை ஒத்துக்கறவனா இருக்கணும்னு வேண்டிக்குங்க தம்பி."

வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு வேலையில் இருந்த இருபத்தைந்து வருடமும், முள் எவ்வளவு உயரமாக நிமிர்ந்தாலும், அது ஒன்றா இரண்டா என்று விரல் வைத்துப் பார்க்காமல் நான் பெயிண்ட் டப்பாவைத் திறந்ததில்லை.