தம்பதி உறுப்பினர்

மாட்டுங்காவில் எங்கள் தமிழ் வாசகசாலைக்கு நான் கௌரவச் செயலாளர். கௌரவம் என்றால் சம்பளம் இல்லை என்று பொருள். அரசு அலுவலகத்தில் விதிமுறை எழுதியே ஓய்வு பெற்றவனுக்கு, மேலும் விதி எழுத ஓர் இடம் கிடைத்தால் போதாதா.

உறுப்பினர் பதிவேட்டைக் கணினிக்கு மாற்ற முடிவானபோது, ஐரோலியில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து செய்துதர ஒப்புக்கொண்டாள். முதல் ஞாயிறே சண்டை. இணையச் செயலி கட்டுவதற்கென்று அவளிடம் ஒரு ஃபிரேம்வொர்க் இருந்தது. அதில் ஆட்களைப் பதிய இரண்டு வழி என்றாள். ஒன்று இன்ஹெரிட்டன்ஸ்: 'உறுப்பினர்' என்று ஒரு மூல வகை, அதன் குணங்களையெல்லாம் வாங்கிக்கொண்டு பிறக்கும் தனி உறுப்பினர், தம்பதி உறுப்பினர் என்ற உள்வகைகள். மற்றது அசோசியேஷன்: ஒவ்வொரு ஆளும் ஒரு தனிப் பதிவு, யாருக்கு யார் என்ன உறவு என்பது நடுவில் ஓர் இணைப்பு, அவ்வளவுதான்.

எனக்கு முதல் வழிதான் பிடித்தது. எங்கள் விதிப் புத்தகமே அப்படித்தான். தம்பதி என்றால் கணவன் பெயரில் ஒரே பதிவு. மனைவி அதற்குள் ஒரு வரி. அவள் எடுக்கும் புத்தகங்கள் அந்த வரிக்குக் கீழே.

"அப்பா, ஒரு வகையா உண்டாக்கின பதிவு இன்னொரு வகையா மாறாது. அழிச்சுட்டுப் புதுசாத்தான் போடணும். நாளைக்கு ஒருத்தர் நிலைமை மாறினா என்ன பண்ணுவேள்?"

"புதுசாப் போடுவோம். அதுக்கு ஃபாரம் இருக்கு."

என் மனைவி சமையலறையிலிருந்து, "என்னை எதுக்குள்ள வெச்சிருக்கார்னு கேளுடி. உள்ள காத்து வருமா?" என்றாள். மகள் சிரித்தாள். நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். செயற்குழுவில் என் வழியே நிறைவேறியது. செயற்குழு என்பது நானும் தலையாட்டும் நான்கு பேரும்.

என் மனைவி சனிக்கிழமைதோறும் புத்தகம் எடுத்து வருவாள். என்ன புத்தகம் என்று நான் கேட்டதில்லை. படிக்கும்போது சில சமயம் தனியாகச் சிரிப்பாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன்.

போன மழைக்காலத்தில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வாசகசாலைக்குப் போனேன். துணை இறந்தால் பதினைந்து நாளுக்குள் வகை மாற்ற வேண்டும் என்று விதி. எழுதியவனே தாமதித்தால் மற்றவர்களை எந்த முகத்தோடு கேட்பது? புத்தகம் ஏதும் திரும்ப வராமல் இருந்தால் பதிவை அழிக்க முடியாது. எனவே அவள் கட்டிலருகே இருந்ததைப் பையில் போட்டு எடுத்துப்போயிருந்தேன். நடுவில் அடையாளத்துக்குத் தினசரிக் காலண்டர் தாள் ஒன்று செருகியிருந்தது. அங்கே வேலை பார்க்கும் பெண் அதை உருவிக் குப்பைக்கூடையில் போட்டாள். புத்தகத்துக்குள் வேறு தாள் இருக்கக் கூடாது. அதுவும் என் விதிதான். பிறகு பழைய பதிவை நானே அழித்தேன். தனி உறுப்பினராக என்னைப் புதிதாகப் பதிந்தேன். ஐந்து நிமிட வேலை.

இரண்டு மாதம் கழித்துத்தான், அவள் படித்ததையெல்லாம் வரிசையாகப் படிக்க வேண்டும் என்று தோன்றியது. கணினியில் தேடினேன். என் பழைய பதிவோடு அவள் வரியும், வரியோடு அவள் புத்தகங்களும் போயிருந்தன. பதிவேட்டுக்குக் காப்புப் பிரதி ஒன்று உண்டு. ஆனால் மாதம் முதல் தேதி பழையதன் மேலேயே புதியதை எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

மகளைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அசோசியேஷனா இருந்திருந்தா உறவு மட்டுந்தான் முடிஞ்சிருக்கும்ப்பா. அம்மா இருந்திருப்பா."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குத்திக்காட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அந்த ஞாயிறு வந்து எல்லாவற்றையும் மாற்றினாள். இப்போது என் மனைவிக்குத் தனிப் பதிவு இருக்கிறது. அதன் கீழே: எடுத்த புத்தகங்கள், எதுவும் இல்லை.

"கடைசியா இருந்த புஸ்தகத்தையாவது போடலாம். தலைப்பு சொல்லுங்கோ" என்றாள்.

பழுப்பு அட்டை என்றேன். எங்களிடம் எல்லாப் புத்தகத்துக்கும் பழுப்பு அட்டைதான் போடுவோம். பாதிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தத் தாள் இருந்தது. அது மட்டும் நினைவிருக்கிறது.