அம்மா வாயால் சொன்ன இரண்டு பெயர்கள்

மடுகரையில் ஓர் உழவர் வீட்டில் பிறந்து, பாகூர் ஏரியின் கடைமடை ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், ஏம்பலத்தில் கண்மூடிய எங்கள் அம்மாவின் முதலாண்டு நினைவு நாளில் கூடியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் மூத்த மகள் நான் வணங்கி எழுதுவது.

அம்மாவுக்கு வாய் நீளம். இதைச் சொல்லாத உறவு எங்கள் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்களும் சொன்னவர்கள்தான். இல்லையென்று தலையாட்ட வேண்டாம்.

மலர் போடுவதென்று முடிவானதும் அம்மாவின் அண்ணன், எங்கள் தாய்மாமா, என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நல்லதா நாலு வார்த்த எழுதும்மா. பொறுமசாலின்னு எழுது, தெய்வ பக்தின்னு எழுது. அவன் பேரு மட்டும் வேணாம். நாங்க இந்தப் பக்கத்துலதான் குடித்தனம் பண்ணியாவணும்" என்றார். நாங்கள் தெருவில் நின்ற காலத்தில் கூரை கொடுத்தவர் மாமா. அவர் சொல்லை நான் தட்டியதில்லை. ஆனால் அந்தப் பெயரை எடுத்துவிட்டால் எழுதுவதற்கு அம்மாவின் வாழ்க்கையே இல்லை. ஆகவே எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

மடுகரையில் வரப்புக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் மண், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் மண். புல் அறுத்துக்கொண்டு வரும் பெண்களைச் சுங்கக் காவலர்கள் நிறுத்தி, கடத்தல் சரக்கு இருக்கிறதா என்று கட்டுக்குள் கம்பியைவிட்டுக் குத்துவார்கள். மற்றப் பெண்கள் தலையைக் குனிந்து நிற்பார்கள். பாவாடை கட்டிய வயதிலேயே அம்மா, "குத்தறதுதான் குத்தற, அப்டியே நாளைக்கு ரெண்டு கட்டு அறுத்தும் குடுத்துட்டுப் போயேன்" என்றாராம். பாட்டனாரிடம் அதற்காக அடி வாங்கினார். அடி வாங்கியும் திருந்தவில்லை என்று மாமா இன்றும் சொல்கிறார்.

இவ்வளவு வாய் உள்ள அம்மா ஒரு பெயரை மட்டும் உச்சரித்ததே கிடையாது. அப்பாவின் பெயர். புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பது நம் பெண்களின் நம்பிக்கை. அப்பாவின் பெயரில் பெருமாள் இருந்ததால், கோயிலுக்குப் போனாலும் அம்மா "மலமேல கீற சாமி" என்றுதான் கும்பிடுவார். யாராவது வந்து வீட்டுக்காரர் பேர் கேட்டால், "இன்னாடி நிக்கற, உங்கப்பா பேரச் சொல்லு" என்று என்னைத் தள்ளிவிடுவார்.

ஊர் முழுவதும் உச்சரிக்காத பெயர் இன்னொன்றும் இருந்தது. அதற்குக் காரணம் பயம். எங்கள் ஊர்களைச் சேர்த்த கொம்யூனுக்கு மேராக, அதாவது தலைவராக, இருந்த நிலக்காரரைத்தான் சொல்கிறேன். "பெரியவூடு" என்பார்கள், அதுவும் தொண்டைக்குள்ளே. அவரைச் சொல்ல வேண்டியிருந்தால் அவர் வீடு இருக்கும் திசைப்பக்கம் முகவாயைக் காட்டுவார்கள். ஏரி மதகுக்குப் பக்கத்திலேயே அவருடைய கரும்பு. அது குடித்து மீந்தால்தான் கடைமடை நெல்லுக்குத் தண்ணீர். ஒரு வருஷம் கதிர் வெளிவரும் நேரத்தில் மதகைப் பூட்டிவிட்டார். பயிர் நின்றபடியே காய்ந்தது.

அப்போதுதான் பாகூர்ப் பக்கத்தில் விவசாயிகள் சங்கம் வைத்தார்கள். அதிர்ந்து பேசாத எங்கள் அப்பா அதில் சேர்ந்தார். சங்கத்தில் பேசி முடித்து, ஒரு நாள் காலையில் ஆண்கள் சிலர் மதகைத் திறக்கப் போனார்கள். பெரியவூட்டு ஆட்கள் தடியோடு காத்திருந்தார்கள். முதல் அடி விழுந்ததும் மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அப்பாவுக்கு ஓடத் தெரியவில்லை. மண்டையை உடைத்து வாய்க்காலில் தள்ளினார்கள். சுற்று வயல்களில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். கொம்யூன் அலுவலகமான மேரியில், கால் வழுக்கித் தண்ணீரில் மூழ்கிச் செத்ததாக எழுதிக்கொண்டார்கள்.

சங்கத்து வக்கீல் நல்லவர். புதுச்சேரியில் படி ஏறி இறங்கி, விசாரணைக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரியை வரவழைத்தார். விசாரணைக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, "அம்மா, கோபமாக எதுவும் பேசிவிடாதீர்கள். 'சில தீயவர்களின் தூண்டுதலால்' என்று சொன்னால் போதும். நாம் மரியாதையாகப் பேசினால்தான் அவர்கள் நீதி வழங்குவார்கள்" என்று சொல்லிக்கொடுத்தார்.

விசாரணை மேரியிலேயே நடந்தது. அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில், மேர் என்ற முறையில், பெரியவூட்டுக்காரரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எந்த ஊர் நியாயம் இது? நான் கைப்பிள்ளையான என் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். சாட்சிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். "அவுங்க ஆளுங்கதாங்க." "யார் அவர்கள்?" "பெரியவங்கதாங்க." "எந்தப் பெரியவர்?" அவ்வளவுதான், தரையைப் பார்ப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தமிழ் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் அது யாரென்று புரிந்திருக்கும். ஆனால் துபாசி அதைப் பிரெஞ்சில் சொன்னபோது, யாரென்று தெரியாது என்றே எழுதிக்கொண்டார்கள். வக்கீலும் எழுந்து தீய சக்திகளைப் பற்றி அழகாகப் பேசினார். மேர் கூடத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். "இறந்தவர் பெயர்?" என்று துபாசி கேட்டார். கேட்டுவிட்டு, வழக்கம் தெரிந்தவராகையால், பதிலுக்கு என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்.

"கலியபெருமாள்."

அந்தக் கூடத்தில் நின்ற பெண்களெல்லாம் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா செத்துவிட்டார் என்பதை அந்த நிமிஷம்தான் நான் நம்பினேன்.

"என் புருஷன் பேரு கலியபெருமாள். அவர அடிச்சுக் கொல்லச் சொன்னவன் பேரு அரங்கநாதன். தோ, உம் பக்கத்துல நாற்காலில குந்திகினு கீறானே, அவன்தான். எழுதிக்க."

துபாசி விழித்தார். மற்ற வார்த்தைகளை மழுப்பிச் சொல்லலாம். பெயரை எந்தப் பாஷையில் மழுப்புவது? அதிகாரியே திரும்பிப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். துபாசி வாய் திறக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. பின்வரிசையிலிருந்து, மதகிலிருந்து ஓடிப்போன ஒருவர், "நானும் பாத்தங்க. அரங்கநாதன் ஆளுங்கதான் அடிச்சாங்க. நான் பயந்து ஓடிட்டேன்" என்று அழுதுகொண்டே முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். அதுவரை வராத சாட்சியமெல்லாம் அப்போதுதான் எழுத்தில் ஏறியது.

இதோடு நிறுத்தினால் மலர் அழகாக இருக்கும். நடந்தது அப்படியல்ல. தடி எடுத்தவர்கள் சிலர் சிறைக்குப் போனார்கள். அரங்கநாதன் போகவில்லை. நாற்காலியில் இருக்கும் மேரை அவமதித்த குற்றத்துக்காக அம்மாவைத்தான் அன்றே பிடித்துப் புதுச்சேரி சிறைக்குக் கொண்டுபோனார்கள். தம்பியை அம்மாவோடு அனுப்பக் கெஞ்சினோம், விடவில்லை. நான் ஆட்டுப்பால் கொடுத்தேன், கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். எதுவும் தங்கவில்லை. அம்மா வருவதற்குள் தம்பி போய்விட்டான். சிறைவாசலில் மாமாதான் சொன்னார். அம்மா அழவில்லை. "எங்க பொதச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது வாரக் குத்தகைக்கு உழுத நிலமும் கைமாறியிருந்தது. மாமா எங்களைத் தாம் குடியேறியிருந்த ஏம்பலத்துக்கு அழைத்துக்கொண்டார்.

நான் ஒருமுறை கேட்டேன். "அந்தப் பேரச் சொல்லாம இருந்திருந்தா தம்பி இருந்திருப்பானேம்மா?"

அம்மா களைக்கொத்தைக் கீழே வைத்தார். "இருந்திருப்பான். நான் மட்டும் அத நெனைக்காத நாளு உண்டாடி? ஆனா, சொல்லாம இருந்தவங்க வூட்ல இன்னா புள்ளைங்க சாவாமயா கீது? அவுங்களுக்கு ஏன் செத்துதுன்னு கேக்கக்கூட ஆளில்ல." சொல்லிவிட்டு மறுபடி களைக்கொத்தை எடுத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பதில் இன்றும் போதவில்லை. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அடுத்து வந்த தேர்தலில் அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு எங்கள் பழைய ஊருக்குப் போய் மேரி வாசலில் நின்றார். பெண்களுக்கு அப்போது ஓட்டுக் கிடையாது. நிற்பதற்குச் சட்டத்தில் தடையில்லையே. உள்ளே ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிட, ஆண்கள் போய்ச் சீட்டுப் போட்டார்கள். "கலியபெருமாள்!" என்று ஒரு குரல் கேட்டது. யாரோ ஒரு முரடன் போய், அப்பாவின் பெயரில், அப்பாவைக் கொன்றவனுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தான். அம்மா வழிமறித்துக்கொண்டார்.

"அந்தப் பேருக்குப் பொண்டாட்டி நாந்தாண்டா. அவரு சுடுகாட்டுக்குப் போயி வருஷமாவுது. எழுந்து வந்துட்டியா? வா வூட்டுக்கு! வெறகு பொளக்கணும், கூர மாத்தணும், பொண்ணுக்கு மாப்ள பாக்கணும். வாடா!"

வரிசையில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். அந்த வாசலில் யாரும் சிரித்து நான் கேட்டதில்லை. முரடன் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினான். பிறகு செத்தவர் பெயர் வந்தபோதெல்லாம் வரிசையிலிருந்தே, "அவரு செத்துட்டாருப்பா" என்று குரல் வந்தது. அப்படியும் அரங்கநாதன்தான் ஜெயித்தான். ஆனால் அந்த நாளிலிருந்து அவன் ஊரில் பெரியவூடு இல்லை, வெறும் அரங்கநாதன். மறு வருஷம் பெண்களே திரண்டு போய் மதகடியில் உட்கார்ந்து தண்ணீர் விடவைத்தார்கள்.

புதுச்சேரித் தலைவர்கள் அம்மாவை மேடைக்கு அழைப்பார்கள். ஏற்றிவிட்டு, கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள் என்பார்கள். "நீங்க பேசறது நல்லாத்தான் கீது. யாரச் சொல்றீங்கன்னு மட்டும் வூட்டுக்குப் போயி யோசிக்க வேண்டியதா கீதே" என்று அம்மா அவர்களிடமே சொல்லிவிடுவார். சிலர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. வக்கீல் மட்டும் கடைசிவரை வந்துபோனார்.

சிறையிலிருந்து கொண்டுவந்த இருமல் அம்மாவை விடவேயில்லை. கடைசி மாதங்களில் குரல் போய்விட்டது. எதையும் சொல்லாமல் விடாத அம்மா, தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கையைக் காட்ட வேண்டியதாயிற்று. அதை என்னால் பார்க்க முடியவில்லை. மழைக்காலத்தில் ஒரு விடியலில் அடங்கிவிட்டார்.

இங்கே நன்றி சொல்ல வேண்டும். அம்மா சிறையிலிருந்த நாட்களில் எங்களுக்குச் சோறு போட்டவர்கள், தம்பியை அடக்கம் செய்தவர்கள், அம்மாவைத் தூக்கிச் சென்றவர்கள் எல்லோரிடமும் போய்ப் பெயர் போடலாமா என்று கேட்டேன். மேரியில் இன்னும் பிரான்சுக் கொடிதான் பறக்கிறது, நாற்காலியில் இன்னும் அதே ஆள்தான் இருக்கிறார். "எங்க பேரு வேணாம் தாயி" என்றார்கள். மாமாவும் அப்படியே சொன்னார். அதே பயத்தால் புதுச்சேரியில் யாரும் அச்சடிக்கத் துணியாத இந்த மலர் எல்லைக்கு அந்தப் பக்கம் கடலூரில் அச்சாகிறது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. பயத்தின் விலையும் துணிச்சலின் விலையும் எங்கள் வீட்டில் தெரியும்.

ஆகவே உதவியவர்கள் பெயர் வர வேண்டிய இந்தப் பக்கத்தின் கீழே இடம் விட்டிருக்கிறோம். எப்போது முடிகிறதோ அப்போது அவரவர் பெயரை அவரவர் எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாய்விட்டுச் சொன்னால் போதும். அம்மாவுக்கும் எழுதத் தெரியாது.