ராஜிக் காகிதம்

இந்த ஊர் போலீஸ்காரர் நம்மைப் பிடிக்கும்போதும் 'சார்' என்றுதான் கூப்பிடுகிறார். லீட்ஸ் நகரத்துக்கு வந்து ஆறு வருஷமாகியும் எனக்கு அது பழகவில்லை. நான் இங்கே ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை மதியம், கம்பெனியில் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று எல்லோரும் பப்புக்குப் போனோம். பெரிய கிளாஸில் மூன்று பீர் குடித்தேன். பிறகு என் சொந்தக் காரில் வீடு திரும்பும்போது, ஜனங்கள் கடப்பதற்கென்று வெள்ளைக்கோடு போட்ட இடத்தில் ஒரு கிழவியை இடித்துவிட்டேன். வந்த போலீஸ்காரர், "மன்னிக்க வேண்டும் சார், இதில் கொஞ்சம் ஊதுகிறீர்களா?" என்று ஒரு பையை நீட்டினார். ஊதினேன். பையின் குழாய்க்குள் இருந்த மஞ்சள் தூள் பச்சையாயிற்று; குடித்திருக்கிறேன் என்று அர்த்தம். என் வீட்டில் ஏதோ துக்கம் நடந்துவிட்டதைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "வருந்துகிறேன் சார்" என்றார்.

கிழவியின் பெயர் மிஸஸ் வாட்சன். மணிக்கட்டு முறிந்திருந்தது. கேஸ் நடந்தால் என் லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் வேன் போகும். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நம் ஊர்ப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. காஞ்சிபுரத்தில் இப்படி ஆனால் என்ன செய்வோம்? அடிபட்டவரிடம் பழத்தோடு போவோம், கையைப் பிடித்துக்கொள்வோம், புகார் இல்லை என்று எழுதி வாங்கி ஸ்டேஷனில் கொடுப்போம். ராஜி என்று அதற்குப் பெயர். ராஜியாகிவிட்டால் அதோடு சரி. நானும் ஆப்பிள், திராட்சை வாங்கினேன். என் மனைவி தனலட்சுமியைக் கல்யாணப் பட்டுப்புடவை கட்டச் சொன்னேன். குளிருக்கு அதன்மேல் கம்பளிக்கோட்டு போட்டதில் புடவையே தெரியாமல் போனது வேறு விஷயம். ஒரு வெள்ளைத்தாளில், 'நான்தான் கவனிக்காமல் சாலையைக் கடந்தேன், எனக்குப் புகார் எதுவும் இல்லை' என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்குக் கோடும் போட்டு எடுத்துக்கொண்டேன்.

மிஸஸ் வாட்சன் மாவுக்கட்டுக் கையோடு கதவைத் திறந்தார். நான் சட்டென்று குனிந்து காலைத் தொடப் போனேன். எதையோ கீழே போட்டுவிட்டேன் என்று நினைத்து அவரும் குனிந்து தரையில் தேடினார். உள்ளே உட்காரவைத்து, ஒற்றைக் கையால் டீ போட்டுக் கொடுத்தார். காகிதத்தை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். திட்டுவார், வெளியே போகச் சொல்வார் என்று பயந்துகொண்டிருந்தேன்.

"நான் கவனித்துத்தானே கடந்தேன்," என்றார். "அதோடு, எனக்கு வலிக்கிறதே."

நான் காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தேன். அவரே குரலைத் தாழ்த்தி, "இப்படி எழுதும்படி உங்களை யாராவது மிரட்டினார்களா?" என்று கேட்டார். இல்லை, இது எங்கள் ஊர் வழக்கம் என்றேன். "அப்படியா? அங்கே அடிபட்டவர்கள் என்ன சொல்வார்கள்?" என்றார். குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் தனலட்சுமி, "இன்னாங்க, அந்தம்மா அவ்ளோ மரியாதையா கேக்குது, ஒரு பதிலும் சொல்லாம குந்திக்கினு இருந்தீங்களே?" என்றாள். ஊரில் எங்கள் வீட்டில் வேலை செய்யும் பச்சையம்மாளை அவளுக்குத் தெரியும். பச்சையம்மாளின் கால் எப்படிப் போனது என்பது தெரியாது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருந்த சிநேகிதனோடு சாராயம் குடித்துவிட்டு அப்பாவின் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். மதுவிலக்குக் காலம், குடித்ததே குற்றம். காஞ்சிபுரத்துக்குள் நுழையும் இடத்தில், தலையில் புல்லுக்கட்டோடு ஓரமாக நடந்துபோன பச்சையம்மாளை இடித்தேன். முழங்கால் நொறுங்கிவிட்டது. கூலி வேலைக்குப் போகிறவள், முப்பது வயதிருக்கும். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என்னையும் அழைத்துப்போனார். காகிதத்தை என்னைத்தான் எழுதச் சொன்னார். வீட்டில் என் எழுத்துதான் முத்து முத்தாக இருக்கும். அவள் புருஷன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் நின்றான்.

"அதுல இன்னா எழுதிக்கீது சின்னய்யா?" என்று பச்சையம்மாள் என்னைக் கேட்டாள்.

"எல்லாம் உனக்கு நல்லதுதான் எழுதியிருக்குது," என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான்," என்று கட்டைவிரலை நீட்டினாள். மையில் தோய்த்து, காகிதத்தில் உருட்டி அழுத்தியது நான். அவளே குறுக்கே ஓடிவந்து விழுந்தாள் என்று அதில் எழுதியிருந்தது. வலிக்கிறதா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பிறகு அப்பா அவளை எங்கள் வீட்டுப் பின்கட்டில் அரிசி புடைக்க, கல் பொறுக்க வைத்துக்கொண்டார். காலை நீட்டி உட்கார்ந்தே செய்கிற வேலை. எவ்வளவு பெரிய மனசு என்று தெருவே அப்பாவைப் புகழ்ந்தது. நானும் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டேன். இதை எழுதும்போது வெட்கத்தில் காது சுடுகிறது.

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் ரத்து. உள்ளூர்ப் பத்திரிகையில் என் பெயரைத் தப்பும் தவறுமாகப் போட்டார்கள், ஆனால் நான் செய்ததைச் சரியாகப் போட்டிருந்தார்கள். இப்போது வேன் இல்லை, ரொட்டித் தட்டுகளை அடுக்குகிறேன். கடைத்தெருவில் பார்த்தால் மிஸஸ் வாட்சன் நல்ல கையைத் தூக்கி ஆட்டுகிறார்.

கோர்ட்டில் தண்டனை கொடுத்த வாரமே ஊரில் இருக்கும் என் தம்பிக்குக் கடிதம் போட்டேன். பச்சையம்மாளை உட்காரவைத்து, அந்தக் காகிதம் பொய், குடித்துவிட்டு இடித்தவன் நான், கேட்டபோது ஏமாற்றியவனும் நான் என்று படித்துக் காட்டச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'சீமைக்குப் போய் உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா அண்ணா? அப்பா பேரைக் கெடுக்கப் பார்க்கிறாயா? உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். உனக்குக் கோர்ட்டு கேஸ் என்று அம்மா சொன்னதும் பச்சையம்மாள் அழுதாள். அந்தக் காலோடு கோயிலுக்கு நடந்துபோய் உன் பேருக்கு அர்ச்சனை பண்ணிக்கொண்டு வந்தாள். அந்தக் குங்குமத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், இட்டுக்கொள்.'

தனலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. தம்பியை நம்பிப் பயனில்லை என்றுதான் இதை அச்சுக்கு அனுப்புகிறேன். காஞ்சிபுரத்தில் இதைப் படிப்பவர் யாராவது எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குப் போய், பச்சையம்மாளுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுங்கள். இந்த ஊர் எனக்குத் தண்டனை கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அந்தக் குங்குமப் பொட்டலம் இங்கே மேஜைமேல் பிரிக்காமல் கிடக்கிறது. இட்டுக்கொள்ளலாமா கூடாதா என்பதை, கேட்டுவிட்டு அவள் சொல்லட்டும்.