கதிர்வேல் பெயர் வைத்த கடிகாரம்

திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரரான கதிர்வேலுக்கு நாற்பத்தேழு வயது. பதினெட்டு வயதில், கம்ப்ரசர் டிராக்டரோடு கிணறு ஆழப்படுத்தும் வேலைக்குப் போனார். பாறையைக் குடையும் மெஷினைப் பன்னிரண்டு வருடம் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து நின்றார். பிறகு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில், அதிர்ந்துகொண்டே இருக்கும் லீவரைப் பிடிக்கும் வேலை. சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று வருடத்தில் ஒன்பது மாதம் வெளியூர் வாசம்.

வண்டி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது கூட வருகிறவர்கள் தூங்கிவிடுவார்கள். இவர் மட்டும் செல்போனில் கைக்கடிகாரங்களைப் பிரித்து மாட்டும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டு வருவார். நாளெல்லாம் பாறை அதிரும் சத்தத்தில் நிற்கிறவருக்கு, அரிசிமணியை விடச் சின்ன சக்கரங்கள் ஓசையில்லாமல் ஒன்றையொன்று தள்ளுவதைப் பார்க்க அலுக்கவே இல்லை. மழைக்காலத்தில் ஊருக்கு வரும்போது பழைய கடிகாரம் ஒன்றிரண்டை வாங்குவார். அப்படித்தான் சேலத்து வாட்ச் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார்.

குழுவில் முப்பத்துநான்கு பேர். கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் பல் டாக்டர் முருகானந்தம் அதை நடத்தினார். எல்லாரும் எழுதி அனுப்புவார்கள். கதிர்வேல் மட்டும் எப்போதும் பேசித்தான் அனுப்புவார். அது அவருடைய பழக்கம் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள்.

போன வருடம், தங்களுக்கென்று ஒரே மாதிரி ஆளுக்கொரு கைக்கடிகாரம் செய்துகொள்வது என்று குழு முடிவெடுத்தது. ஓசூரில் ஒரு சின்னப் பட்டறை, சொல்கிறபடி செய்து தர ஒப்புக்கொண்டது. சாவி கொடுத்து ஓட்டும் கடிகாரம் என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். பெயரில்தான் சிக்கல். ஒருவர் மலைப் பெயரைச் சொன்னார், ஒருவர் ஆற்றின் பெயரைச் சொன்னார். ஆங்கிலப் பெயர் வைத்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று டயர் கடை தங்கசாமி மூன்று நாள் வாதாடினார்.

கதிர்வேல் ராய்ப்பூர் பக்கத்து வயல் ஒன்றிலிருந்து பேசி அனுப்பினார்.

“‘ஊத்து’ன்னு வெக்கலாமுங்களா? போர் போடறப்ப நானூறு அடி வரைக்கும் வெறும் கல்லுப்பொடியா பறக்குமுங்க. அப்பறம் பொடி நின்னு போயி, தண்ணி கலந்து சேறா வரும். அந்நேரம் தோட்டத்துக்காரரு மொகத்தைப் பாக்கோணுமுங்க. அதுக்கு மேல ஒரு நல்ல நேரம் எனக்குத் தெரியாது.”

அதற்குப் பிறகு வேறு பெயரை யாரும் சொல்லவில்லை. தங்கசாமியும் விட்டுவிட்டார்.

டயலை வரைந்தவள் மதுமதி. வெண்ணந்தூரில் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். பொடி என்ன நிறம் என்று அவள் கேட்க, கதிர்வேலுக்குச் சொல்லத் தெரியவில்லை. கருங்கல் பொடியை ஒரு பொட்டலத்தில் கட்டி, ஊருக்கு வந்த கூட்டாளியிடம் கொடுத்தனுப்பினார். மதுமதி அதில் பாதியை நனைத்து வெள்ளைத் தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு வரைந்தாள். டயலின் மேல்பாதி உலர்ந்த பொடி, கீழ்பாதி நனைந்த பொடி, நடுவில் மயிரிழையாக ஒரு நீலக்கோடு. எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

ஒரே ஒரு இடத்தில் கதிர்வேல் முரண்டு பிடித்தார். சாவி கொடுக்கும் திருகு பெரிதாக இருக்கவேண்டும் என்றார். இவ்வளவு மெல்லிய கடிகாரத்துக்கு அது துருத்திக்கொண்டு நிற்கும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்கு, பெரிதாக இருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னார். ஓட்டெடுப்பில் சின்னத் திருகே ஜெயித்தது.

மாதிரிக் கடிகாரம் வந்த ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிக்கு முருகானந்தத்தின் வீட்டு மாடியில் பதினெட்டு பேர் கூடினார்கள். லீவில் வந்திருந்த கதிர்வேலும் போயிருந்தார். பெயர் வைத்தவரே முதல் சாவி கொடுக்கட்டும் என்று அவர் கையில் கொடுத்தார்கள்.

அவர் திருகைப் பிடித்தார். விரல் வழுக்கியது. மறுபடி பிடித்தார். மூன்றாம் தடவை கடிகாரம் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

தங்கசாமி எடுத்துப் பார்த்தார். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கதிர்வேல் தலை நிமிரவில்லை.

“வெரலு தெரியலீங்க,” என்றார். “திருகு கையில இருக்குதா இல்லியான்னே தெரியலீங்க. நாலு வருசமாச்சு.”

வீட்டில்கூட அவர் சொன்னதில்லை. அவருடைய சித்தப்பா சின்னண்ணன் வாதம் வந்து ஒன்பது வருடம் கட்டிலில் கிடந்தவர். அவருக்கும் முதலில் கைதான் மரத்துப்போனது. தனக்கும் அதுதான் தொடங்கிவிட்டது என்று கதிர்வேல் முடிவே கட்டியிருந்தார். குளிர்காலத்தில் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்தபோது சட்டைப்பைக்குள் கையை வைத்து மறைத்தார். போனில் எழுத்தைத் தொட முடியாததால்தான் பேசியே அனுப்பினார்.

முருகானந்தம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் வாங்கி ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். என்ன வேலை செய்தார், எத்தனை வருடம் என்று கேட்டார். பிறகு சொன்னார்:

“பல்லு ராவுற மெஷினை நாங்களும் நாளெல்லாம் புடிக்கறமுங்க. எங்கூடப் படிச்சவரு ஒருத்தருக்கு இப்புடித்தான் ஆச்சு. எனக்கென்னமோ இது வாதம் மாதிரி தெரியலீங்க. பயப்படாம டெஸ்ட் எடுங்க.”

செவ்வாய்க்கிழமை மனைவி மைதிலியோடு சேலத்துக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தார். ஒரு மணி நேரப் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் தெளிவாகச் சொன்னார். வாதம் இல்லை. மெஷின் அதிர்வால் விரல் நரம்புகள் கெட்டிருக்கின்றன. போன உணர்ச்சி முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆனால் அதிர்கிற எதையும் இனிமேல் பிடிக்காவிட்டால் இதற்குமேல் முற்றாது.

வெளியே வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்ததும் கதிர்வேலுக்கு அழுகை வந்துவிட்டது. மைதிலிக்குக் கோபம்தான் வந்தது.

“சோத்தைப் பெசைய முடியாமத்தான் ஸ்பூன் கேட்டீங்களா?” என்றாள். “வடக்க போயிப் பழகிட்டீங்கன்னில்ல நெனச்சேன்.” பிறகு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ரிக் முதலாளி வேலுமணியிடம் சொல்லத்தான் அவருக்குத் தயக்கம். லீவரைப் பிடிக்காத ஆள் எதற்கு என்று கேட்பாரோ என்று பயந்தார். வேலுமணி முழுக்கக் கேட்டார். தோட்டத்துக்காரர்களிடம் பதமாகப் பேசுகிற ஆள் தனக்குக் கிடைக்கவே இல்லை என்றும், இனி முன்னால் போய் இடம் பார்த்து, வண்டி போகப் பாதை இருக்கிறதா என்று சொல்லும் வேலையை அவரே பார்க்கட்டும் என்றும் சொன்னார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று கதிர்வேல் நினைத்திருக்கவில்லை.

அதற்குள் குழுவில் யாரும் கேட்காமலே மறு ஓட்டெடுப்பு நடந்திருந்தது. மதுமதி திருகைப் பெரிதாக்கி, விளிம்பில் ஆழமாகப் பல் வைத்து வரைந்து அனுப்பினாள். கடிகாரம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. சித்திரையில் முப்பத்துநான்கும் வந்து சேர்ந்தன. பெரிய திருகு அந்த டயலுக்குத் தனி அழகாக இருப்பதாகத் தங்கசாமியே ஒப்புக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, இடம் பார்க்கக் கெங்கவல்லிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது கதிர்வேலுக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் ராசிபுரத்து சுப்பம்மாள், குழுவில் இருக்கும் ஓய்வு பெற்ற நர்ஸ். மூட்டுவலியால் அவருடைய விரல்கள் வளைந்து போயிருந்தன. இத்தனை வருடமாகத் தன் கடிகாரங்களுக்கெல்லாம் மகள்தான் சாவி கொடுப்பாளாம்.

“இதுக்கு நானே குடுத்துக்கறனுங்க, சாமி,” என்று முதல் தடவையாகப் பேசி அனுப்பியிருந்தார்.

கதிர்வேல் அதை இரண்டு தடவை கேட்டார். பஸ் நின்றது. நிறுத்தத்தில் தோட்டத்துக்காரர் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். கதிர்வேல் போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி, வண்டி வரப் பாதை எத்தனை அடி அகலம் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.