பக்கத்து சீட்டு பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது பாதி வாயாலும் பாதி வலது காலாலும் செய்கிற தொழில். எங்கள் வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் மிதிக்க மறந்தால் நான் மிதிப்பேன். மிதித்ததைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர்களுக்குத் தைரியம் போய்விடும். மகனோ மனைவியோ ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக் கால் வலித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எனக்கு அதுவே பிழைப்பு.

தெப்பக்குளத்தைச் சுற்றி

மும்தாஜுக்கு நாற்பது வயதுக்கு மேல். கணவருக்குக் கண் ஆபரேஷனுக்குப் பிறகும் பார்வை தெளியவில்லை. வாசலில் கார் தூசி படிந்து நிற்க, எங்கே போனாலும் ஆட்டோ. அது பிடிக்காமல்தான் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றிப் பழகினோம். வாக்கிங் போகிறவர், மாடு, பால்காரர் என்று யார் குறுக்கே வந்தாலும் வண்டி பதமாக நின்றது. பெரும்பாலும் நிறுத்தியது நான். ஒருநாள் பின்சீட்டில் ஏறிப் பார்த்த கணவர், இறங்கும்போது என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "இவ சைக்கிள்ல போனாலே கோழியெல்லாம் தெறிச்சு ஓடும் தம்பி. என்ன மந்திரம் போட்டீங்க?"

அழகர்கோவில் ரோடு

லைசென்ஸ் டெஸ்ட் நெருங்கியிருந்தது. ஒருநாள் அழகர்கோவில் வரை ஓட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் போன பைக்கை, எதிரே வந்த ஒரு சரக்கு வேன் தட்டிவிட்டு நிற்காமல் போனது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஒரு டிபன் பாக்ஸ் உருண்டு வந்து எங்கள் டயரில் முட்டி நின்றது.

பைக்கில் போனவருக்குத் தொடை கிழிந்திருந்தது. மும்தாஜின் துப்பட்டாவை மடித்து இரண்டு கையாலும் அழுத்தினேன். கொஞ்சம் தளர்த்தினாலும் ரத்தம் பொங்கியது. ஆம்புலன்ஸ் வேறொரு இடத்துக்குப் போயிருப்பதாகவும் வர நேரமாகும் என்றும் ஒருவர் போனில் கேட்டுச் சொன்னார். கூடியவர்கள் காரில் தூக்கி ஏற்றினார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று எங்களோடு வரத் தயங்கினார்கள். "நீங்க அமுக்கிப் பிடிங்க, நான் ஓட்டுறேன்" என்றேன் மும்தாஜிடம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதற்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டே போட்டிருந்தார்.

"ரத்தத்தை என்னால பாக்க முடியாதுண்ணே. ரோட்டைப் பாக்க முடியும். ஏறுங்க."

பின்சீட்டு

நானும் என் கையும் பின்னால். என் பிரேக் முன்னால், ஆளில்லாத சீட்டுக்கு அடியில். புதூரில் ஒரு ஷேர் ஆட்டோ சட்டென்று வெட்டியது. என் கால் முன்சீட்டின் முதுகை மிதித்தது. வண்டி நின்றது. நிறுத்தியது அவர். தல்லாகுளத்தில் டவுன் பஸ் ஒன்று உரசுகிற மாதிரி வந்தது. அவர் ஒதுங்கி, ஹாரன் அடித்து, அதை முந்திக்கொண்டு போனார். முந்துவதற்கு நான் இன்னும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

அடிபட்டவர் பெயர் செல்வம், உசிலம்பட்டிக்காரர். மயங்கிவிடக் கூடாது என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி, பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த எல் எழுத்தைப் பார்த்தார்.

"அண்ணே, இது பழகுற வண்டியா?"

"ஆமா."

"என்னைய இங்கனயே இறக்கி விட்ருங்க."

குழாயடி

பெரிய ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொள்வார் என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் குழாயடிக்குப் போனேன். வெயிலில் காய்ந்த தொட்டித் தண்ணீர் கையைச் சுட்டது. வேன் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் அது தட்டியிருப்பது எங்களைத்தான். சுடுகிறது என்று தெரிவதே பெரிய பாக்கியமாக இருந்தது. கையை எடுக்காமல் நின்றேன்.

வெளியே மும்தாஜ் டீ குடித்துக்கொண்டிருந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? தெப்பக்குளத்தில் பாதிக்கு மேல் பிரேக் நான் போட்டது என்றேன்.

"மொத வாரமே தெரியும்ணே. பிரேக் போடும்போது மட்டும் பேச்சை நிப்பாட்டிருவீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா காலை எடுத்துருவீங்கள்ல."

வாசலில் ஒரு கார்

டெஸ்டில் முதல் தடவையே பாஸ். சில வாரம் கழித்து அவருடைய சொந்தக் கார், தூசியெல்லாம் துடைத்து, எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. முன்சீட்டில் கணவர். பின்சீட்டில் செல்வம், மடியில் ஊன்றுகோல், அதன்மேல் ஒரு அல்வாப் பொட்டலம். கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம். ஆட்டோவில் போயிருக்கலாமே என்றேன். பொட்டலத்தை நீட்டியபடி செல்வம் சொன்னார்: "எம்புட்டோ வண்டி கெடக்குண்ணே. நான் இந்தக்கா ஓட்டுனா மட்டுந்தான் ஏறுவேன்."

கார் கிளம்பியபோது முன்சீட்டில் கணவரின் வலது கால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்ததைப் பார்த்தேன். நம் கூட்டத்தில் இன்னொருவர் சேர்ந்துவிட்டார். உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமே வருகிற கால்வலி இது.