றொபேட் அங்கிளும் ஆசோனும்

றொபேட் அங்கிளுக்கு எபிரேய மொழியில் மொத்தம் நாற்பது சொல் தெரியும். அவர் கதைக்கிறதைக் கேட்டால் மோசேக்கு எழுத்துப் பழக்கினதே இவர்தான் என்று நினைப்பீர்கள். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் முப்பத்தொரு வருடம் லிகிதராக இருந்து, ஓய்வு பெற்றபின் தபால் மூலம் படித்த எபிரேயம் அது. கடைசிப் பாடம் வரைக்கும் போனாரோ தெரியாது. சான்றிதழ் எதையும் நான் கண்டதில்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் அவர்கள் மேல்மாடி, நாங்கள் கீழ்மாடி. ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு அவர் வீட்டு ஹோலில் வேதவகுப்பு நடக்கும். நான் சைவக்காரன். ஆனாலும் தவறாமல் போவேன், ஏனென்றால் அவருடைய மனைவி நேசமலர் அன்ரி இறைச்சி வைத்துப் பற்றிஸ் பொரித்தால் ஒழுங்கை முழுக்க மணக்கும். அங்கிள் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு விளக்கம் சொல்லுவார். நாங்கள் பற்றிசை மென்றுகொண்டு தலையாட்டுவோம்.

நாற்பது சொல்லிலும் அவருக்கு உயிர் ஒரு சொல்லில்தான். ஆசோன். பெரும் மோசம், ஆபத்து, எதிர்பாராமல் வந்து விழுகிற அழிவு என்று அர்த்தம். கிழவன் யாக்கோபு பஞ்சகாலத்தில் மற்றப் பிள்ளைகளையெல்லாம் தானியம் வாங்க எகிப்துக்கு அனுப்பிவிட்டு, கடைசி மகன் பென்யமீனை மட்டும் அனுப்ப மறுக்கிறான். வழியில் இவனுக்கு ஆசோன் வந்துவிடுமாம். தகப்பன் வாயில் ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப வருகிற சொல் அது. "ஆசோன் எண்டா ஆற்றையும் பிழையில்லை. அது வாற இடத்தில வரும். புத்தியுள்ளவன் வீட்டை விட்டு வெளிக்கிடான்," என்பார் அங்கிள். யுத்தம் நடந்த தொண்ணூற்றெட்டில், ஆமியும் பொலிசும் சந்திக்குச் சந்தி மறித்து அடையாள அட்டை கேட்கிற காலத்தில், இதைக் கேட்கச் சனத்துக்கு ஆறுதலாக இருந்தது. எங்கேயாவது குண்டு வெடித்தாலும் ஆசோன், எவனையாவது பிடித்துக்கொண்டு போனாலும் ஆசோன். யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை. இன்னொரு பற்றிஸ் எடுக்கலாம்.

அவர்கள் வீட்டுப் பின்னறையில் கொன்ஸ்ரன்ஸ் என்று ஒரு பிள்ளை வாடகைக்கு இருந்தது. இருபத்துநாலு வயது. தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தில். இவள் கொட்டாஞ்சேனையில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்தாள். அந்தக் காலத்தில் ஒரு தமிழ் வீட்டில் யார் யார் இருக்கினம் என்று படிவம் நிரப்பி, வீட்டுத் தலைவர் பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்துப் பதியவேண்டும். பேர் இல்லாதவர் அகப்பட்டால் அதோகதிதான். கொன்ஸ்ரன்ஸ் வந்து நாலு மாதமாக, "அங்கிள், என்ர பேரைப் போட்டாச்சோ?" என்று கேட்டபடி இருந்தாள். "ஓம் பிள்ளை, எப்பவோ போட்டாச்சு," என்றார் அவர். போடவில்லை. இரண்டு தடவை வெளிக்கிட்டு, பொலிஸ் நிலையத்து வாசலில் சனத்தைக் கண்டதும் திரும்பி வந்தவர். யாழ்ப்பாணத்துப் பெட்டையின் பேரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தன்னைத் துருவிக் கேட்பார்கள் என்று பயம். பயந்தவர் அதைச் சொல்லியிருந்தால் நாங்கள் யாராவது கூடப் போயிருப்போம். பொய் சொன்னார், பாருங்கள், அதைத்தான் என்னால் இன்றுவரைக்கும் சீரணிக்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பொலிசார் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். நேசமலர் அன்ரி விடியற்காலை ஆராதனைக்குப் போயிருந்தா. நான் படிக்கட்டில் நிற்கிறேன். மேலே பொலிஸ்காரர் படிவத்தைப் பார்க்கிறார். அதில் இரண்டே பேர். கொன்ஸ்ரன்சைக் காட்டி, இது யார் என்று அங்கிளைச் சிங்களத்தில் கேட்கிறார். அங்கிள் அந்தப் பிள்ளையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தன்னே நே, மாத்தயா."

தெரியாதாம். தன் வீட்டுக் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கிற பிள்ளையைத் தெரியாதாம். என் காதில் விழுந்தது. எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, ஒரு வசனம் பேசியிருக்கலாம். என் மகன் கீழே இருக்கிறான், அவனையும் பிடிப்பார்கள் என்று நினைத்து நானும் பொத்திக்கொண்டு நின்றேன். அங்கிளைக் காறித் துப்பும்போதெல்லாம் அதில் கொஞ்சம் என் மேலும் விழுகிறதுதான்.

கொன்ஸ்ரன்சைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது அந்தப் பொலிஸ்காரர் என்னிடம் ஒன்று சொன்னார். இருட்டுவதற்கு முன் வீட்டுத் தலைவர் வந்து பொறுப்பெடுத்தால் விடுவார்கள். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பினவர்களைத் தேடித் தாய்மார் மாதக்கணக்கில் அலைந்ததை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஓடிப்போய் அங்கிளிடம் சொன்னேன். "பின்னேரம் பாப்பம்," என்றார். அன்ரி வந்து கேட்டபோதும் அதே பதில். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

நாலு மணிக்கு வகுப்பு வைத்தார். நம்புங்கள், வைத்தார். வெள்ளைச் சேர்ட் போட்டு, தலை இழுத்து, பவுடரும் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கும் ஆசோன்தான். வழியில் மோசம் வரும் என்று தெரிந்துகொண்டு தகப்பன் ஒருவன் வீட்டை விட்டு இறங்குவது விசுவாசம் இல்லையாம், கர்த்தரைச் சோதிக்கிற பாவமாம். கொன்ஸ்ரன்சுக்காக எல்லோரும் எழும்பி நின்று ஜெபிப்போமாம்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த நேசமலர் அன்ரி அதை மேசையில் வைத்தா. அன்றைக்குப் பற்றிஸ் இல்லை.

"ஆசோன் வேதத்தில எத்தினை இடத்தில வருது?" என்று கேட்டா.

அவ வகுப்பில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அங்கிளுக்கு ஒரு பக்கம் பெருமை. "அஞ்சு இடம்," என்றார்.

"நீங்கள் மூண்டைத்தான் சொல்லுறனீங்கள். மற்ற ரெண்டும்?"

அங்கிள் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி நடித்தார். அன்ரி காத்திருக்கவில்லை. "உங்கட கொப்பியைத் தூசி தட்டுற நேரம் வாசிச்சனான். மற்ற ரெண்டும் சட்டத்தில. ரெண்டு பேர் சண்டை பிடிக்கினம், அதில ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு அடி விழுகுது. அதுக்குப் பிறகு ஆசோன் வந்தா, அடிச்சவன் பதில் சொல்லவேணும். கடவுள் அனுப்பினது, வழியில வந்தது எண்டு கையை விரிக்கேலாது. இதை ஏன் எங்களுக்கு ஒரு நாளும் சொல்லித் தரேல்லை?"

"அது வேற சந்தர்ப்பம், நேசம்," என்றார் அங்கிள்.

"எழும்புங்கோ. பொலிசுக்குப் போவம்."

அவர் எழும்பவில்லை. முழங்கால் நோகுதாம். வந்திருந்தவர்கள் எல்லோரும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதற்குள் ஏதோ விழுந்துகிடக்கிற மாதிரி.

அன்ரி உள்ளே போய் அலுமாரியைத் திறந்து வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தா. அந்த மேல்மாடி அவவுடைய சீதனம். உறுதி அவவின் பேரில். அங்கிள் அதில் ஒரு கல்லும் வைக்கவில்லை. "தம்பி, எனக்குச் சிங்களம் காணாது. வாறீரோ?" என்று என்னைக் கேட்டா. போனேன். போகிற வழியில் காலையில் நடந்ததைச் சொன்னேன், "தன்னே நே" என்றதையும். அங்கிள் அதை அவவிடம் மறைத்திருந்தார். அன்ரி காலி வீதியில் அப்படியே நின்றுவிட்டா. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னைவிட விசையாக நடந்தா.

பொலிஸ் நிலையத்தில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். இருந்தாலும் படிவத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுத் தலைவர் கணவர்தானே, அவர் வரட்டும் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அன்ரி உறுதியை மேசையில் விரித்துவைத்தா.

"இவரிட்டச் சொல்லும் தம்பி. என்ர வீட்டில ஆர் இருக்கினம் எண்டு அந்த மனிசனுக்குத் தெரியாதாம், காலமை இவையளிட்டத்தானே சொன்னவர். தெரியாத ஆள் எப்பிடித் தலைவர்?"

நான் சொன்னேன். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து புதுப் படிவம் ஒன்று எடுத்துக் கொடுத்தார். அன்ரி குனிந்திருந்து அதை நிரப்பிக் கையெழுத்து வைத்தா. உள்ளேயிருந்து கொன்ஸ்ரன்சைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். காலையில் போட்டிருந்த அதே வீட்டுச் சட்டை, காலில் செருப்பில்லை. அன்ரி தன் செருப்பைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தா.

வீட்டுக்கு வந்தபோது அங்கிள் படி மேலே நின்று இரண்டு கையையும் உயர்த்தினார். "கர்த்தர் ஜெபத்தைக் கேட்டார்!"

அன்ரி அவரைத் தாண்டி ஏறினா. "பிள்ளை, நீ போய்க் குளி. நான் சோறு போடுறன்," என்று கொன்ஸ்ரன்சை உள்ளே அனுப்பிவிட்டு, புதுப் படிவத்தை அவர் கையில் கொடுத்தா. அவர் கண்ணாடி போட்டு வாசித்தார். வீட்டுத் தலைவர்: நேசமலர். அடுத்தது கொன்ஸ்ரன்ஸ். மூன்றாவதாகத்தான் அவருடைய பேர், எதிரில் வாடகைக்கு இருப்பவர் என்று எழுதியிருந்தது.

"இதென்ன நேசம் இது? தலைவர் எண்ட இடத்தில…"

"தலைவர் வந்து கையெழுத்து வைக்கவேணும் எண்டவை," என்றா அன்ரி, வெறுங்காலோடு குசினிக்குள் போய்க்கொண்டே. "போனது நான்."